எந்தப் புயல் முடிந்தது?

லகாட்,
3-12-1981

மதிப்பிலும் மீசையிலும் குறைவில்லாத மச்சான் உடையப்பன் அவர்களின் சமூகத்திற்கு, பத்துமலை வணக்கத்தோடு எழுதிக்கொள்வது என்னவென்றால்,

இங்கே எல்லாரும் சுகம் என்று முதல் வரியிலேயே எழுதச் சொல்லி உங்கள் தங்கை மாரியம்மா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் நான் எழுதாமல் விட்டதை மட்டும் எப்படியோ படித்துவிடுவாள். ஆகவே எல்லாரும் சுகம். கோழி ஒன்று போய்விட்டது, பந்தல் போய்விட்டது, பக்கத்து வீட்டாரோடு பேச்சுவார்த்தை இரண்டு நாள் போய்விட்டுத் திரும்பி வந்தது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. எங்கள் மகள், உங்கள் மருமகள் தவமணியும் சுகமே. கல்யாணப் பெண் என்றால் இளைக்க வேண்டுமாம், இளைத்திருக்கிறாள்.

உங்கள் தந்தி வந்து சேர்ந்தது. தவமணிதான் ஆங்கிலத்தைப் படித்துத் தமிழில் சொன்னாள். ‘எல்லாரும் சுகம். கூரை போயிற்று. கப்பல் தவறியது, அடுத்த கப்பலில் வருகிறேன். எந்தப் புயல் முடிந்தது?’ அவ்வளவுதான். கூரை போன நிலையிலும் தந்தியில் காசு செலவழித்து ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள் என்றால், அந்தக் கேள்வி எந்த அளவுக்கு உங்களைக் குடைந்திருக்க வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. அதற்குப் பதில் தந்தியில் அடங்காது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் கப்பல் சீட்டு வாங்கிவிட்டதாக எழுதிய நாளிலிருந்து உங்கள் தங்கைக்குக் கடல்மேல் அக்கறை வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அவள் கடலைப் பார்த்தது ஒரே முறை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் பினாங்கில் உங்களை ஏற்றிவிட்டபோது. அன்றும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே நின்றதால், பார்த்தாள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அப்படிப்பட்டவள் காலையில் பசாருக்குப் போனால் மீன்காரரிடம், “கடல் இன்னிக்கு எப்படி இருக்கு?” என்று கேட்கிறாள். அவர் பாவம், ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டுகிறார். நீங்கள் வந்து இறங்கும்போது வாசலில் பந்தல் நிற்க வேண்டும் என்று, கல்யாணத்துக்கு இரண்டு வாரத்துக்கும் மேல் இருக்கும்போதே பந்தல் போடச் சொல்லிவிட்டாள். “எங்கண்ணே வந்து நின்னு பாக்கணும்லா,” என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. தாய்மாமன் மாலை போட்டுக் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வரவேண்டியது முறை. முறைக்காகத்தான் நீங்கள் தேவை. அதற்குமேல் எனக்கு உங்களைப் பார்த்து ஆகவேண்டியது ஒன்றும் இல்லை.

இப்போது எங்கள் அடுத்த வீட்டு ஸ்கந்தராஜா ஐயாவை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். யாழ்ப்பாணத்து மனிதர். ஈப்போ விமான நிலையத்தில் வானிலை பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தாம் ஓய்வு பெற்றபின்பும் மழை மட்டும் தொடர்ந்து பெய்வதில் அவருக்கு ஒரு மனக்குறை உண்டு. அதனால் ஒரு பால்மாவு டின்னை வைத்துத் தினமும் மழையை அளக்கிறார். அந்த டின் உட்கார்ந்திருப்பது எங்கள் கோழிக்கூண்டின் மேல். ஏன் என்று கேட்டதற்கு, தன் வீட்டு மாமரம் மழையை மறைக்கிறது, எங்கள் வீட்டில் மரமே இல்லாததால் நாங்கள் வானிலைக்கு ஏற்ற குடும்பம் என்றார். புகழ்ச்சி என்று நினைத்து டின்னை அங்கேயே விட்டுவைத்தேன்.

அவர் வீட்டு முன்கூடத்தில் ஒரு பெரிய படம் தொங்குகிறது. ஒரு ஓரத்தில் சீனா, ஒரு ஓரத்தில் மதராஸ், நடுவில் புடலங்காய் மாதிரி நம் நாடு. உங்கள் கப்பல் விஷயத்தைக் கேள்விப்பட்டதும், கடலில் உருவாகிற காற்றையெல்லாம் அந்தப் படத்தில் நாள்தோறும் குறித்து வருவதாக வாக்குக் கொடுத்தார். குத்துவதற்குக் குண்டூசி தேடினார். அவர் மனைவி அம்பிகை அம்மா படத்தில் ஓட்டை போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உடனே உங்கள் தங்கை வீட்டுக்கு ஓடி, கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த ஒட்டுப்பொட்டு அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். அன்றிலிருந்து வங்கக் கடலின் வானிலை முழுவதும் பொட்டில்தான் நடக்கிறது. சின்னப் பொட்டு என்றால் காற்றழுத்தத் தாழ்வு நிலை. அதைவிடப் பெரியது தாழ்வு மண்டலம். அதற்கும் பெரியது ஆழ்ந்த தாழ்வு மண்டலம். அட்டையிலேயே பெரிய கறுப்புப் பொட்டு, புயல். மாரியம்மா ஒரு சிவப்புப் பொட்டை எடுத்து நாகப்பட்டினத்தில் அவளே ஒட்டினாள்.

“இது எங்கண்ணே.”

“படத்தில வானிலை மட்டுந்தான் குறிக்கலாம், பிள்ளை,” என்றார் ஐயா.

“எங்கண்ணனுக்குக் கோவம் வந்தா அதுவும் வானிலைதான் ஐயா. இவங்களைக் கேளுங்க.”

நான் ஆமோதித்தேன். ரப்பர் தோட்டத்தில் உங்கள் பக்கத்து நிரையில் பால் வெட்டினவன் ஆயிற்றே. சிவப்புப் பொட்டு அங்கேயே இருந்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தென்சீனக் கடலில் ஒரு புயல் கிளம்பியது. வெள்ளைக்காரர்கள் அதற்கு ஒரு பெயர்கூட வைத்திருந்தார்கள், என் வாயில் நுழையவில்லை. இரண்டு நாள் வானொலிச் செய்தியில் அதே பேச்சு. மூன்றாம் நாள், கிளந்தான் கரைப் பக்கம் வந்து வலுவிழந்து கலைந்துவிட்டது என்றார்கள். மச்சான், எனக்குக் கடல் என்றால் ஒன்றுதான். புயல் அடிப்பதும் கப்பல் ஓடுவதும் ஒரே தண்ணீரில் என்று நினைத்தேன். சந்தோஷம் தாங்கவில்லை. ஜெலாப்பாங்கில் நான் காவல் நிற்கும் பலகை ஆலையில் அரை நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு, நேரே தபால் நிலையம் போய் உங்களுக்குத் தந்தி அடித்தேன். ‘புயல் முடிந்தது. பயமில்லாமல் கப்பலேறவும்.’

திரும்பி வந்து ஸ்கந்தராஜா ஐயாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

“எந்தக் கடலால காணும் உம்மட மச்சான் வாறார்?” என்று கேட்டார்.

“என்னய்யா கேள்வி? கடல்லதான்.”

அவர் என்னைப் படத்தின் முன்னால் நிறுத்தி, புடலங்காய்க்கு இந்தப் பக்கம் ஒரு கடலும் அந்தப் பக்கம் ஒரு கடலும் இருப்பதைக் காட்டினார். புயல் கிழக்கே, நீங்கள் மேற்கே. உங்கள் ஊரில் காற்றே இல்லாதபோது, காற்று நின்றுவிட்டது என்று நான் தந்தி அடித்திருக்கிறேன். அம்பிகை அம்மா உள்ளே போய்ச் சிரித்தார்கள். உள்ளே போனது என் மானத்தைக் காப்பாற்ற. ஆனால் அந்தச் சிரிப்பு லகாட் ரயில் நிலையம் வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர்கள் சிரித்து முடிக்கும் முன்பே இங்கே மழை பிடித்துக்கொண்டது. காற்றில்லை, இடியில்லை. சும்மா நசநசவென்று இரவும் பகலும் ஒரே தூறல். ஐயா குடையோடு எங்கள் கோழிக்கூண்டுக்கும் தன் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தார். டின் நிரம்பியது. அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. “பத்துமலை, அது சாகேல்லை. எங்கட தலைக்கு மேலாலதான் போகுது,” என்றார். அப்படி நடப்பது உண்டாம். இந்தப் பக்கக் கடலில் செத்த மாதிரி கிடந்து, மலையைத் தாண்டி, அந்தப் பக்கக் கடலில் விழுந்து மறுபடி உயிர் பிடிக்குமாம். நிலத்தைக் கடக்கும்போது அதற்குப் பெயரும் கிடையாது, வகையும் கிடையாது. வெறும் மழை. அந்தக் கடலில் தலையெடுக்கும்போது மறுபடி சின்னப் பொட்டிலிருந்து ஆரம்பம். அந்தமான் பக்கம் ஐயா அந்தச் சின்னப் பொட்டை ஒட்டினார். என் தந்தி போன வழியிலேயே அதுவும் உங்களை நோக்கிக் கிளம்பியிருந்தது. ஏதோ நானே விலாசம் எழுதி அனுப்பிவைத்த மாதிரி.

அன்று மழையைப் பார்த்துக்கொண்டு நான் நினைத்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்த மழை சீனக் கடலில் பிறந்து, நம் வீட்டுக் கூரைமேல் நடந்து, உங்கள் ஊருக்குப் போகிறது. எங்கேயும் ஒருவரும் அதை நிறுத்தி, உன் அடையாள அட்டை சிவப்பா நீலமா என்று கேட்கவில்லை. நீங்களும் நானும் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டு வரிசையில், ஒரே மாதத்தில், ஒரே மருத்துவச்சி கையில் பிறந்தவர்கள். என் அப்பா மறுநாளே போய்ப் பிறப்பைப் பதிந்தார். உங்கள் அப்பா, மழை விடட்டும் போகலாம் என்றார். சிலிம் ரிவர் பக்கம் மழை என்றைக்கு விட்டது? அப்புறம் சண்டைக்காலம் வந்தது, மறந்துபோனார். அந்த ஒரு நாள் மழையில் நான் நீல அட்டைக் குடிமகன் ஆனேன், நீங்கள் சிவப்பு அட்டை அந்நியர் ஆனீர்கள். உங்கள் தங்கை வெயில் காலத்தில் பிறந்ததால் தப்பித்தாள். பிறகு பெர்மிட் இல்லாமல் வேலை இல்லை என்று சட்டம் வந்தபோது, பிறந்ததிலிருந்து பார்த்தே இராத ஊருக்கு உங்களைத் ‘திரும்ப’ அனுப்பிவைத்தோம். வகை பிரிப்பதில் ஸ்கந்தராஜா ஐயாவைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள்.

“என்னா இம்புட்டு நேரம் எழுதுறீங்க? மழையைப் பத்தி எழுதுனா போதாதா?” என்கிறாள் உங்கள் தங்கை. மழையைப் பற்றித்தான் எழுதினேன் என்று சொல்லிவிட்டேன்.

அதன்பிறகு ஒரு வாரம் எங்கள் இரண்டு வீட்டிலும் வேறு பிழைப்பு இல்லை. மதராஸ் வானொலியும் இலங்கை வானொலியும் காதில் விழவேண்டும் என்பதற்காக, இருப்பதிலேயே உயரமான பந்தல் காலில் செம்புக் கம்பியைக் கட்டி ஐயா வீட்டு ஜன்னலுக்கு இழுத்தோம். கம்பியில் தவமணி துணி காயப்போட்டாள். அவள் பாவாடை காய்ந்தால் இலங்கை கேட்கும், ஈரமாக இருந்தால் மதராஸ் கேட்கும். செய்தி நேரத்துக்குத் தகுந்தாற்போல் துணி துவைத்தோம்.

சின்னப் பொட்டு நடுப்பொட்டு ஆனது. நடுப்பொட்டு அதற்கும் பெரிய பொட்டு ஆனது. ஒவ்வொரு நாளும் ஒரு விரற்கடை உங்கள் பக்கம் நகர்ந்தது. மாரியம்மா காலையும் மாலையும் போய் நின்று, “ஐயா, புயலா?” என்பாள். அவரும் அசையமாட்டார். “இல்லைப் பிள்ளை, ஆழ்ந்த தாழ்வு மண்டலம். காற்று முப்பத்துநாலு நொட் வேகத்துக்கு வரவேணும். அதுக்கு முந்திப் புயல் எண்டு சொல்லப்படாது.”

“வந்தப்பறம் சொல்றதுக்கு நீங்க எதுக்கு ஐயா? எங்கண்ணனே சொல்லிடும்லா!”

அந்த மனிதர் அதற்குக்கூட வகை மாற்றவில்லை. கடைசியில் ஒரு நாள் காலைச் செய்திக்குப் பிறகு, பெரிய கறுப்புப் பொட்டை உரித்து ஒட்டினார். மாரியம்மா அன்றைக்கு “புயலா?” என்று கேட்கவில்லை. கறுப்புப் பொட்டுக்கும் சிவப்புப் பொட்டுக்கும் நடுவில் கையை வைத்து அளந்து பார்த்தாள். ஒரு சாண்கூட இல்லை.

மத்தியானம் ஐயா குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவள் போய், கறுப்புப் பொட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு அந்த இடத்தில் சின்னப் பொட்டை ஒட்டிவிட்டாள். வங்கக் கடலில் அவ்வளவு சீக்கிரத்தில் எந்தப் புயலும் வலுவிழந்ததில்லை. குளித்துவிட்டு வந்தவர் கறுப்புப் பொட்டை மறுபடி ஒட்டிவிட்டு, ஈரத்துண்டோடு எங்கள் வீட்டுக்கே வந்து கத்தினார்.

“படத்தில எடுத்தால் கடலில போயிடுமோ?”

“நீங்க படத்துல ஒட்டுனப்பறந்தானே கடல்ல வந்துச்சு!”

முப்பது வருஷ உத்தியோகத்தில் அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. இரண்டு நாள் பேச்சு நின்றது. ஆனால் வானொலி அவர் வீட்டில், கம்பி எங்கள் வீட்டில். ஆகையால் பேசாமலே சேர்ந்து உட்கார்ந்து கேட்டோம்.

உங்கள் தங்கை கோவிலுக்கும் போனாள். புயல் வடக்கே திரும்பிப் போகவேண்டும், போனால் தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்தும் முகம் சரியில்லை. என்ன என்று கேட்டேன். “வடக்கேயும் ஜனம் இருக்கும்லா? அங்கேயும் எவளுக்காவது அண்ணே இருப்பான்,” என்றாள். திரும்பவும் செருப்பைப் போட்டுக்கொண்டு போய், புயல் எங்கேயும் போகவேண்டாம், கடலிலேயே கலைந்து போகட்டும் என்று மாற்றி வேண்டிக்கொண்டு வந்தாள். எனக்கு அவள்மேல் அன்றைக்கு வந்த பிரியத்தை உங்களிடம் சொல்லலாம், நீங்கள் அவள் அண்ணன். அவளிடம் சொல்லவில்லை.

பந்தல் போன கதை இப்போது. புயல் கரையைத் தொடப்போகிறது என்ற நாள் சாயங்காலம் நானும் ஐயாவும் வானொலிப் பெட்டியில் காதை வைத்திருந்தோம். மதராஸ் கேட்கவேண்டும் என்பதற்காகத் தவமணி இரண்டு போர்வையை நனைத்துக் கம்பியில் போட்டிருந்தாள். அறிவிப்பாளர் ‘நாகப்பட்டினத்துக்கு அருகே’ என்று சொல்லி வாய் மூடவில்லை, மலைப்பக்கமிருந்து ஒரு காற்று வந்தது பாருங்கள். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற காற்றையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்த காற்றைப் பார்க்கவில்லை. ஈரப்போர்வை இரண்டும் காற்றை வாங்கிக்கொண்டு கம்பியை இழுக்க, கம்பி பந்தல் காலை இழுக்க, கால் தகரத்தை இழுக்க, தகரம் கோழிக்கூண்டின்மேல் விழுந்து, ஒரு கோழியோடு ஐயாவின் மழை அளக்கும் டின்னும் நசுங்கியது. அந்த நேரம் பார்த்துத்தானா மாப்பிள்ளை ஜெயபாலனின் அப்பா, நம் சம்பந்தி ராமையா, சிலிம் ரிவரிலிருந்து டாக்சியில் வந்து இறங்க வேண்டும்? ஒரு தகரம் டாக்சியின் முன்னால் போய் அவருக்கு வரவேற்பு கொடுத்தது.

“என்னா இது, புயலா?” என்றார் ராமையா.

“இல்லை,” என்று ஸ்கந்தராஜா ஐயா திருத்தினார். “இது வெறும் அந்திக்காற்று. வகையில சேராது.”

“என் தலையில விழுந்திருந்தா எந்த வகையில சேரும், ஐயா?”

ஐயா யோசித்தார். சத்தியமாக யோசித்தார். நான் சம்பந்தியை உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் காப்பி கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை வேடிக்கையாக எழுத எனக்கு வரவில்லை. புயல் கரையைக் கடந்தது என்றார்கள். வீடுகள், மரங்கள், தந்திக் கம்பங்கள் விழுந்தன என்றார்கள். அதற்குமேல் செய்தியில் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். எங்களுக்கு அடுத்த விஷயம் இல்லை. மாரியம்மா சாப்பிடாமல் அந்தப் படத்தின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். அம்பிகை அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள், ஆறிப்போனது. ஸ்கந்தராஜா ஐயா தாமாகவே கறுப்புப் பொட்டை உரித்து, நடுப்பொட்டு ஒட்டி, பிறகு அதையும் உரித்து, “இப்ப வெறும் மழைதான் பிள்ளை, இனிப் பயமில்லை,” என்றார். காற்றின் வேகம் யாரும் சொல்லாமல் அவர் வகை மாற்றியது அன்றைக்குத்தான். நான் ஆலை வாசலில், வருகிற லாரியின் எண்ணைக் குறிக்கவேண்டிய இடத்தில் உங்கள் பெயரைக் குறித்துவிட்டு நின்றேன். மானேஜர் கேட்டார், உடையப்பன் என்ன ஏற்றி வந்தார் என்று.

பிறகுதான் உங்கள் தந்தி. தவமணி கடைசி வரியைப் படித்ததும் உங்கள் தங்கை சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அம்பிகை அம்மா மட்டும் இந்தத் தடவை உள்ளே போகாமல் அவள் பக்கத்திலேயே நின்றார்கள்.

இப்போது உங்கள் தங்கை சொல்லச் சொல்ல எழுதுகிறேன். நன்றாகக் கவனிக்கவும். தென்சீனக் கடலில் இன்னொரு சின்னப் பொட்டு ஒட்டியாகிவிட்டது. மார்கழி முடியும்வரை கடலை நம்பக்கூடாது. ஆகையால் அடுத்த கப்பலில் நீங்கள் ஏறவேண்டாம். “உசுரோட அங்கேயே இருக்கட்டும்னு எழுதுங்க. பாக்காட்டி என்னா, இருக்காருன்னு தெரிஞ்சா போதும்.” எழுதிவிட்டேன். கல்யாணம் ஏற்கெனவே குறித்தபடி இந்தக் கார்த்திகை இருபத்தாறிலேயே நடக்கும். நீங்கள் வந்தாலும் முடிந்துதான் இருக்கும். உங்கள் சித்தப்பா மகன் சீனி தாய்மாமன் இடத்தில் நின்று மாலை போட ஒத்துக்கொண்டிருக்கிறார். ஸ்கந்தராஜா ஐயாவின் கணக்குப்படி சீனி முழு மாமன் இல்லை, ஆழ்ந்த மாமன் மண்டலம். அது போதும். நீங்கள் முறை செய்யவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். எங்களுக்கும் வருத்தமில்லை. சீட்டைத் திருப்பிக் கொடுத்து அந்தப் பணத்தில் கூரையைப் போட்டுக்கொள்ளவும்.

அங்கே அக்காவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகளுக்கு அத்தையின் முத்தங்களும் என் ஆசிகளும். உங்கள் புதுக் கூரை இரும்பாய் இருக்கவும், அதன் கீழே அடுப்பு அணையாமல் இருக்கவும், உங்கள் ஊர்க் கடல் உங்கள் ஊர்க் கரைக்குள்ளேயே அடங்கி இருக்கவும் ஆத்தாளை வேண்டிக்கொண்டு,

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் சொல் தட்டாத,
பத்துமலை

பின்குறிப்பு: மச்சான், அவள் மீன் கழுவப் போய்விட்டாள். சீக்கிரம் எழுதுகிறேன். மேலே கடைசியில் எழுதியது அவ்வளவும் பொய். கார்த்திகையில் கல்யாணம் இல்லை. தைக்குத் தள்ளிப் போட்டாகிவிட்டது. தள்ளியது புயலும் இல்லை, பந்தலும் இல்லை, சம்பந்தியும் இல்லை. உன் தங்கைதான். கப்பல் தவறிய செய்தி வந்ததும் ராமையாவிடம் நேருக்கு நேராகச் சொல்லிவிட்டாள், “எங்கண்ணே கைபிடிச்சுக் கூட்டிட்டு வராம எம்மக மணவறைக்கு வரமாட்டா.” அவர் சீனியைக் காட்டினார். “சீனி நல்லவன்தான். ஆனா அவன் எங்கண்ணே இல்லலா,” என்றாள். கல்லு மாதிரி இருந்த ராமையாவே தையில் நாள் பார்க்க ஒத்துக்கொண்டார். சீனியிடம் நாங்கள் இதுவரை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அந்த ஆளுக்குப் பாவம், தான் மாமன் மண்டலம் என்பதே தெரியாது.

இவ்வளவும் செய்துவிட்டு, நீ கடலில் ஏறிவிடுவாயோ என்ற பயத்தில் இன்றைக்கு இந்தப் பொய்யைச் சொல்லி எழுத வைத்தாள். எனக்கும் பயம்தான். ஆனால் உன்னைப் பார்த்து ஆகவேண்டியது ஒன்றும் இல்லை என்று மேலே எழுதினேனே, அதையும் அடித்துவிடு. நீ போனபிறகு எனக்குச் சண்டை போட ஆள் இல்லை, மச்சான். ஆலையில் எல்லாரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். பதினோரு வருஷமாக என்னை ஒருவரும் ‘டேய்’ என்று கூப்பிடவில்லை.

இன்னொன்று. இன்று காலை ஐயா வீட்டுக்குப் போனேன். நாகப்பட்டினத்தில் சிவப்புப் பொட்டு இல்லை. தேடினால், கடலைத் தாண்டி, பினாங்குக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நிற்கிறது. தான் தொடவில்லை என்று ஐயா சத்தியம் செய்கிறார். பொட்டைச் சுற்றிப் படத்தில் மஞ்சள் விரல் தடம். அதை மட்டும் அவர் வகைப்படுத்தவும் இல்லை, உரிக்கவும் இல்லை.

எழுதி முடித்தாயிற்றா, படியுங்கள் என்று வந்துவிட்டாள். ஆத்தாளை வேண்டிக்கொண்டது வரைக்கும் படித்துக் காட்டினேன், அதற்குக் கீழே கையால் மறைத்துக்கொண்டேன். மீன் செதில் ஒட்டிய கையோடு கதவோரம் நின்று கேட்டாள். கேட்டுவிட்டும் போகாமல் நின்றாள்.

“அவ்வளவுதானா?”

“நீ சொன்னது எல்லாம் எழுதிட்டேன்.”

“நான் சொன்னதைத்தான் எழுதுவீங்களா? அண்ணே, வான்னு ஒரு வார்த்தை எழுதலியா?”